ராத்திரி யாருங்க வருவாங்க?

கோயம்புத்தூருக்கு வெளியே முதியோருக்கான வீடுகள் கட்டும் வேலைக்கு நான் வந்து 16 வருடம் ஆகிறது. அதற்கு முன்பு சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சைட் இன்ஜினியர். அங்கே வீடு பார்க்க வருகிறவர்கள் கார் நிறுத்த இடம், தண்ணீர், வங்கிக் கடன் என்று கேட்பார்கள். இங்கே வந்த முதல் மாதம், மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா டைல்ஸையும் சமையலறை அலமாரிகளையும் அதிகம் கவனிக்காமல், "ஏனுங்க தம்பி, ராத்திரி முடியலைன்னா யாருங்க வருவாங்க?" என்று கேட்டார். "செக்யூரிட்டி இருக்காங்கம்மா" என்றேன். அவர் கட்டிலிலிருந்து குளியலறை வரை ஒரு தடவை நடந்து பார்த்தார். வீடு வாங்கவில்லை.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பது எனக்கே புரிய இரண்டு வருடம் ஆனது.

முதல் திட்டத்தில் 60 வீடுகள். குளியலறைக் கதவுகள் எல்லாம் உள்பக்கமாகத் திறப்பவை. எங்கும் அப்படித்தான் போடுவோம்; ஈரம் வெளியே சொட்டாது, நடக்கிறவர் மேல் இடிக்காது. இழுத்தால் மணி அடிக்கும் கயிறும் வைத்திருந்தோம். ஆட்கள் குடிவந்த எட்டாவது மாதம், தனியாக இருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் விடியற்காலை மூன்று மணிவாக்கில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். விழுந்தவர் கதவை ஒட்டியே கிடந்தார். கயிறு கைக்கு எட்டவில்லை. தரை துடைக்கும்போது நனைகிறது என்று துப்புரவு வேலை செய்யும் அக்கா அதைச் சுருட்டி மேலே முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். ஆறரை மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மா, வாசலில் தொங்கும் பையில் ஆவின் பாக்கெட் எடுக்காமல் இருப்பதைப் பார்த்துக் கதவைத் தட்டியிருக்கிறார். மாற்றுச் சாவி போட்டு உள்ளே போனோம். குளியலறைக் கதவைத் தள்ளினால் அவர் மேலேயே அழுத்துகிறது. கடைசியில் வெண்டிலேட்டர் கண்ணாடிகளைக் கழற்றி, எலக்ட்ரீஷியனோடு இருந்த ஒல்லியான பையன் ஒருவன் உள்ளே இறங்கி அவரை மெதுவாக நகர்த்திய பிறகுதான் கதவு திறந்தது. இடுப்பெலும்பு முறிவு. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை; மகளோடு பெங்களூருக்குப் போய்விட்டார். அவருடைய சாமான்களை வண்டியில் ஏற்றியபோது நானும் நின்றேன். அந்தக் கதவு இருந்த வரைபடத்தில் என் கையெழுத்து இருந்தது.

அப்புறம் எந்த வீட்டிலும் உள்பக்கம் திறக்கும் குளியலறைக் கதவை நான் விட்டதில்லை. வெளிப்பக்கம் திறக்க வேண்டும், இல்லை பக்கவாட்டில் நகர வேண்டும். தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்தே திருப்பித் திறக்க முடிய வேண்டும். கயிறு தரையைத் தொடும் அளவு தொங்க வேண்டும். இதை வெறும் வாயால் சொன்னால் நிற்காது. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரையும் ஈரமில்லாத குளியலறைத் தரையில் படுக்கச் சொல்லி, கையை நீட்டிக் கயிற்றை எட்டிப் பிடிக்கச் சொல்வேன். ஒரு தடவை அப்படிப் படுத்து எழுந்தவர்கள் கயிற்றில் முடிச்சுப் போட்டு நான் பார்த்ததில்லை.

கைப்பிடிக் கம்பியும் இப்படித்தான். இப்போது பெரும்பாலான சுவர்களுக்கு எடை குறைந்த, உள்ளே காற்றுத் துளைகள் நிறைந்த ஏஏசி பிளாக் வைக்கிறோம். அதில் ரால்பிளக் (துளையில் செருகித் திருகாணி முறுக்கும் பிளாஸ்டிக் உறை) அடித்து கம்பியை மாட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், கைத்துண்டு மாட்டலாம். விழப்போகிற ஒருவர் முழு எடையோடு பிடித்து இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். ஆகவே, சுவர் எழும்பும்போதே கம்பி வரும் இடத்தை அளந்து, அந்த உயரத்தில் கான்கிரீட் கட்டை வைத்துக் கட்ட வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு அந்த இடம் தெரியாது. அதனால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறோம். கதவு 900 மில்லிமீட்டர், சக்கர நாற்காலி திரும்ப 1500 மில்லிமீட்டர் வட்டம், சாய்தளம் 1:12 என்பதெல்லாம் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. சுவருக்குள் கட்டை வைக்க மேஸ்திரிக்கு ஞாபகம் இருந்ததா என்பதை நேரில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

விதிப் புத்தகத்தை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாத ஒன்று வாசற்படி. சக்கர நாற்காலிக்கும் தேய்த்துத் தேய்த்து நடக்கும் கால்களுக்கும் ஓர் அங்குல மேடுகூட ஆபத்து. நிலைப்படியே இல்லாமல் தரையைச் சமமாக முடித்தோம். பார்க்க வந்த ஒரு தம்பதி வாசலிலேயே நின்றுவிட்டார்கள். "படி இல்லாத ஊட்டுல வெள்ளிக்கிழமை மஞ்சள எங்கீங்க பூசறது?" என்று அந்த அம்மா கேட்டார். எங்கள் விற்பனைப் பிரிவில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது. ஐம்பது வருடம் ஒவ்வொரு வெள்ளியும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த கைக்கு, படியில்லாத வாசல் விடுதி அறையின் வாசல்தான். கடைசியில் நிலைப்படி அகலத்துக்கு ஒரு கருங்கல் பட்டையைத் தரை மட்டத்திலேயே பதித்தோம். மேடு இல்லை, ஆனால் படி இருக்கிறது. அவர்கள் வந்துவிட்டார்கள். இப்போதும் அந்த வழியாகப் போனால் கருங்கல்லில் மஞ்சள் தெரியும்.

இன்னொரு பாடம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரிடம் கிடைத்தது. மூன்றாவது மாடியில் இறந்துபோன அவர் நண்பரை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் லிஃப்டில் இறக்கினார்கள். ஆறு பேர் நிற்கும் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நான் போனா என்னைப் படுக்க வெச்சுக் கொண்டு போவீங்களா?" என்றார். என்னால் உடனே எதுவும் சொல்ல முடியவில்லை. அடுத்த கட்டடத்திலிருந்து ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் இல்லாமல் மாடியே போடுவதில்லை என்று நிர்வாகத்திடம் சண்டை போட்டு வாங்கினேன். தரைத்தளத்தில் ஓர் அறையும் ஒதுக்கினோம். அமெரிக்காவிலிருந்து மகன் வர இரண்டு நாள் ஆகும். அதுவரை ஃப்ரீசர் பாக்ஸ் வைக்க பிளக் பாயிண்ட், குளிப்பாட்டக் குழாய், வந்தவர்கள் உட்கார வராந்தா, பக்கவாட்டில் தனி கேட். விளம்பரப் புத்தகத்தில் அந்த அறை வராது. வீடு பார்க்க வருகிறவர்களில் பெரியவர்கள் அதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். கூட வரும் பிள்ளைகள்தான் பேச்சை மாற்றுகிறார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசுப் பணியில் இருந்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம் என்று வைத்துக்கொள்வோம். எழுபதுகளில் அவர் இறந்தால் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் அதே சம்பளத்தில் 30 சதவீதம். வரவு ஐந்தில் மூன்று பங்காகிவிடுகிறது. வீட்டின் மெயின்டனன்ஸ் அப்படியே இருக்கிறது, வருடாவருடம் ஏறுகிறது. கணவர் இருந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு மனைவி தனியாகப் பணம் கட்டுகிறார். முதலில் சாப்பாட்டை ஒரு வேளையாகக் குறைப்பார்கள், பிறகு ஏசியை நிறுத்துவார்கள். அலுவலகத்தில் யாரும் கேட்காவிட்டால் வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். 2019இல் மத்திய அரசு முதியோர் குடியிருப்புகளுக்கான மாதிரி வழிகாட்டுதலை வெளியிட்டது. வழுக்காத தரையும் அவசர மணியும் அதில் இருக்கின்றன, நல்லதுதான். துணையை இழந்த பிறகும் ஒருவர் அங்கே தொடர்ந்து இருக்க முடியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இவர்களாவது வீடு வாங்க முடிந்தவர்கள். கோவையின் பழைய மில் தொழிலாளர் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம்தான். அதில் குறைந்தபட்சத் தொகை 2014இலிருந்து மாதம் 1000 ரூபாய். வசதியற்ற முதியோருக்கு மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் இல்லம் வேண்டும் என்று பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் பேசுகிறது. 150 பேர் என்ற எண்ணே எனக்கு நெருடல். அத்தனை பேரை ஒரே கூரையின் கீழ் வைத்தால் சாப்பாட்டுக்கு மணி அடிக்க வேண்டும், விளக்கணைக்க நேரம் குறிக்க வேண்டும். அது வீடாகாது.

வேறு மாதிரியும் செய்யலாம் என்று எனக்குத் தெரிந்தது சென்னை 'தி பான்யன்' அமைப்பின் 'ஹோம் அகெய்ன்' வழியாக. மனநலப் பிரச்சினையால் வருடக்கணக்கில் விடுதியிலும் மருத்துவமனையிலும் இருந்தவர்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். உதவிக்குக் கூட ஆள் இருக்கிறார். 2015இல் தொடங்கியது. அதை அறிந்த நாளிலிருந்து வரைபடத்தை நான் துணைக்கு இருக்கப் போகிற ஆளிலிருந்துதான் தொடங்குகிறேன்.

அந்த ஆளுக்குக் கணக்கு உண்டு. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஒரே ஒரு நாற்காலி எப்போதும் காலியாகாமல் இருக்க மூன்றரை பேர் வேண்டும். காய்ச்சல், கல்யாணம், தீபாவளி எல்லாம் சேர்த்தால் நாலு பேருக்கு மேல். 60 வீடுகள் பகிர்ந்துகொண்டால் சமாளிக்கலாம். 18 வீடு என்றால் தலைக்கு மூன்று மடங்குக்கு மேல் வந்து விழும். சிறியதாகக் கட்டினால் கட்டுப்படியாகாது, பெரியதாகக் கட்டினால் விடுதியாகிவிடும். எந்தத் திட்டத்திலும் செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் கை வைப்பது இரவு ஆள் சம்பளத்தில்தான். செயற்கை நீரூற்றை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

இப்போது நான் பார்ப்பது அந்த 18 வீட்டுக் கணக்குதான். தனியாக இருக்கும் முன்னாள் மில் தொழிலாளிப் பெண்களுக்காக, ஓர் அறக்கட்டளை இடம் கொடுத்திருக்கிறது. வரிசையாக ஒற்றை அறை வீடுகள், நடுவில் இரவு ஆளின் அறை. பகலில் பக்கத்துத் தெருவிலிருக்கும் முதியோர் வீடுகளுக்கும் எங்கள் ஆட்களே போய் வந்தால் அவர்கள் பங்குக்கு ஏதாவது கொடுப்பார்கள் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் முடிவாகவில்லை.

போன மாதம் அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். குடிவரப் போகிற இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். மூத்தவருக்கு 74 வயது, ஸ்பின்னிங்கில் வேலை செய்தவர். தன் வீடு எது என்று கேட்டுக் கடைசிக் கோட்டுக்குள் போய் நின்றார். "ராத்திரி ஆளு எங்கீங்க இருப்பாங்க?" என்றார். காட்டினேன். கூட வந்தவரை அங்கே போய் உட்காரச் சொன்னார். மண்ணிலேயே அவர் உட்கார்ந்ததும், இங்கிருந்து, "ஏ புள்ள, கேக்குதா?" என்று கூப்பிட்டார்.

"கேக்குதுக்கா."

இன்னும் குரலைத் தாழ்த்தி, முனகுகிற மாதிரி, மறுபடியும் கூப்பிட்டார். உட்கார்ந்திருந்தவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

சுவர் வந்துவிட்டால் இவ்வளவு தெளிவாகக் கேட்காது. அன்று சாயந்திரம் வரைபடத்தைத் திறந்து, 18 கதவுகளுக்கு மேலேயும் வராந்தாப் பக்கம் திறக்கும் வெண்டிலேட்டர் போட்டேன். கயிறும் இருக்கும், தரை வரைக்கும்.