குருப்பெயர்ச்சியும் ஒரு எர்த் கேபிளும்

எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு வாடிக்கையாளர் யார் பெயரும் நினைவில் நிற்காது. ஓட்டி வரும் வண்டிதான் பெயர். "காண்டஸாவுக்குச் சுகரு, அவருக்கு மட்டும் சர்க்கரை இல்லாம கொண்டா" என்று டீக்கடைப் பையனுக்குக் குரல் கொடுப்பார். "எட்டுநூறு ஊர்ல இல்லீங்க, மக பிரசவத்துக்குப் போயிருக்காரு" என்பார். புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் மிரள்வார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் என்னைப் பார்த்தவர், பக்கத்திலிருந்த தன் மனைவியிடம் "இவருதான் நம்ம வேகன்ஆர், ஆயில் எல்லாம் டைமுக்கு மாத்திருவாரு" என்று அறிமுகம் செய்துவைத்தார். என் குணநலன் பற்றி இதைவிட உயர்வாக யாரும் சொன்னதில்லை.

கோயம்புத்தூர் கணபதி பக்கம் அவருடைய கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். பம்பும் கிரைண்டரும் செய்கிற ஊர், லேத் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள், வேறு எங்கே போவார்கள்? செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக்கே இருக்கிறது. 2005-ல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் ஓட்டப் போனதிலிருந்து, "சின்ன வயசுல அவரு வண்டிக்குப் பஞ்சர் ஒட்டுனதே நான்தான்" என்று சொல்லிக்கொள்ள ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

கூட்டத்தில் நிரந்தர உறுப்பினர்கள் நாலைந்து பேர். காண்டஸா, சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவர். அவர் வண்டி 1.8 இசுசு இன்ஜின் போட்டது. அதை எல்லாரிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். ஜிப்ஸி, மாதம் ஒருமுறை நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போய் வராவிட்டால் தூக்கம் வராதவர். எட்டுநூறு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும், ஏன் என்று கேட்டால் கோபம் வரும். கடைசியாக ஸ்விஃப்ட். ஐடி கம்பெனித் தம்பி. சம்பளம் வந்த அன்றைக்கே வண்டிக்கு ஏதாவது ஒன்று கூரியரில் வந்துவிடும்.

கொட்டகைத் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார் அண்ணன். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். தாண்டி வண்டியில் கை வைக்க வேண்டுமானால் செருப்பு கூடாது, ஷூ வேண்டும். தொளதொள சட்டை கூடாது. மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாம் கழற்றி முருகன் படத்துக்குக் கீழே இருக்கும் எவர்சில்வர் டம்ளரில் போட்டுவிட வேண்டும். கல்யாணமான புதிதில் மோதிரத்தைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு அண்ணன் தன் இடது கை மோதிர விரலைக் காட்டுவார். விரலைச் சுற்றி வெளுத்த வளையம் ஒன்று. மோதிரத்தின் விளிம்புக் கோடுகூடத் தெரியும்.

"தொழில் கத்துக்கிட்ட வயசு. ஸ்பேனர் பாசிட்டிவ் டெர்மினல்ல. மோதிரம் ஒரு பக்கம் ஸ்பேனரு, ஒரு பக்கம் பாடி. பன்னெண்டு வோல்ட்டு என்ன பண்ணும்னு நினைச்சேன். மோதிரம் பழுத்துருச்சு. கழட்டவும் முடியாது, உதறவும் முடியாது."

வோல்ட் கம்மிதான், ஷாக் அடிக்காது. ஆனால் ஷார்ட் ஆனால் கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். அதனால்தான் பேட்டரி கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியாக நெகட்டிவ். நெகட்டிவ் கழன்றபின் பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. இதைக் கேட்டபின் தாலிச் சங்கிலி தவிர மற்றதையெல்லாம் கழற்றித் தருவார்கள். தாலியோடு வந்த ஒரே ஒரு அம்மணி மட்டும் அதை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, தானே ஸ்டெப்னி மாற்றிவிட்டுப் போனார். எங்கள் யாரையும்விட வேகமாக.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் கடைசியில் ஒரு ஞாயிறு. ஜிப்ஸி வண்டியை ஜாக்கியில் தூக்கி, கீழே ஒரு ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுத்து உள்ளே படுக்கப் போனார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அவரை எழுந்து தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஓரத்தில் கிடந்த இன்னொரு ஹாலோ பிளாக்கைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பொலபொலவென்று நாலைந்து துண்டாகப் போனது. "இது செவுரு கட்டறதுக்கு. ஒரே சீராப் பாரம் ஏறுனா தாங்கும். ஒரு முனையில அழுத்துனா சொல்லாம கொள்ளாம உட்டுரும்." அப்புறம் இரும்பு ஸ்டாண்டைக் கொடுத்து, கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் தள்ளி வைக்கச் சொன்னார். ஸ்டாண்ட் வழுக்கினாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் உட்காரும். ஜிப்ஸி வாய் திறக்கவில்லை. அவருடைய முன்பக்க இரும்பு கார்டைப் பற்றி வாத்தியார் ஆரம்பித்தபோதும் பேசவில்லை. அந்த மாதிரி கார்டு போட்ட வண்டிகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு 2017 டிசம்பரிலேயே எழுதிவிட்டது என்பதை வாத்தியார் ஞாயிறுதோறும் ஒருமுறை சொல்வார்.

அன்றைக்கு ஸ்விஃப்ட் தம்பி புது அலாய் வீலோடு வந்து இறங்கினார். கம்பெனி போட்ட டயர் 165/80 ஆர்14, அதாவது அகலம் 165 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 இன்ச். இவர் போட்டுவந்தது 205/65 ஆர்15. பார்க்க ஜம்மென்று இருந்தது, அதை மறுக்க முடியாது. அண்ணன் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இத்தன பெருசு வேண்டாங்க" என்றார். தம்பி அதைக் காதில் வாங்காமல் பல்பு டப்பாவைத் திறந்தார். ஹெட்லைட்டுக்கு 100/90 வாட் பல்பு, ஆன்லைனில் வாங்கியது. வண்டியின் வயரிங் 60/55 வாட்டுக்குப் போட்டது. "பேட்டரியிலிருந்து தனி வயர்ல கரண்ட் குடுக்கற ரிலே இல்லாமப் போட்டா ஹோல்டர் உருகும். ரிலே போட்டாலும் எதிர்ல வர்றவன் கண்ணு போயிரும். நான் மாட்ட மாட்டேன்." "நானே மாட்டிக்கிறேங்ணா" என்று மோதிரத்தை டம்ளரில் போட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டினார் தம்பி. அது புஷ்பராகம், குருவுக்கு உரிய கல். பிரமோஷன் வருவதற்காக அம்மா போட்டுவிட்டது.

அதே நேரம் காண்டஸா. சாவியைத் திருப்பினால் "ஊ... ஊ..." என்று முனகும், நாலாவது ஐந்தாவது திருப்பலில்தான் எடுக்கும். புது பேட்டரி போட்டும் அதே முனகல். ராகு தசை நடக்கிறது, அதனால்தான் என்று அவருக்குத் தீர்மானம். கையில் கோமேதகம். அதுவும் டம்ளருக்குள் விழுந்தது. அண்ணன் உள்ளே குனிந்து, இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கேபிளைப் பிடித்து ஆட்டினார். பச்சை பூத்து, பாதி இழை அறுந்து, நட்டுக்குக் கீழே துரு. ஸ்டார்ட்டருக்குப் போகிற கரண்ட் திரும்பி வர வேண்டிய வழி அதுதான். அந்த வழி அடைத்துக்கொண்டால் எத்தனை பேட்டரி மாற்றினாலும் முனகத்தான் செய்யும். உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, புது கேபிள் போட்டு இறுக்கினார்.

முடிக்கும்போது இருட்டிவிட்டது. சரியாக அப்போது கரண்ட் போனது. கொட்டகைப் பையன் ஒரு கையில் செல்போன் டார்ச், ஒரு கையில் டம்ளருமாக மோதிரங்களைப் பிரசாதம் போல வினியோகித்தான். இரண்டும் தங்கக் கட்டு, இரண்டிலும் மஞ்சளாக ஒரு கல், எல்லார் கையிலும் கிரீஸ். புஷ்பராகம் காண்டஸாவுக்குப் போனது. கோமேதகம் தம்பிக்கு வந்தது. ராகுவும் குருவும் இடம் மாறியது பஞ்சாங்கத்தில் வராத பெயர்ச்சி.

அடுத்த வாரம் நடந்ததைத் தம்பி வாயாலேயே கேட்க வேண்டும். திங்கட்கிழமை வண்டியை முழுசாகத் திருப்பினால் முன்சக்கரம் 'கர்ர்' என்று உரச ஆரம்பித்தது. புதன்கிழமை இரவு ஒரு பக்க ஹெட்லைட் அணைந்து, பிளாஸ்டிக் கருகும் நாற்றம். ஒற்றைக் கண்ணோடு வந்தவரை டிராஃபிக் போலீஸ் ஓரம் கட்டினார். 18 கொடுத்த வண்டி மைலேஜ் 16.5-க்கு இறங்கியது. வெள்ளிக்கிழமை அம்மாவைப் பழனிக்குக் கூட்டிப் போனபோது, எப்போதும் காட்டும் தூரத்தைவிட மீட்டரில் நாலரை கிலோமீட்டர் குறைவு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "முருகன் நம்மளப் பாத்து இறங்கி வந்துட்டான்டா கண்ணு" என்றார். மலையேறி, கும்பிட்டு, பிரசாதம் கொடுக்க மகன் கையைப் பிடித்தபோதுதான் கல்லைப் பார்த்திருக்கிறார். "டேய், இது புஷ்பராகம் இல்லடா. கோமேதகம்டா! ராகு!"

மோதிரம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது தெரியவில்லையா என்று கேட்டோம். "பிரியாணில விரல் வீங்கிருச்சுன்னு நினைச்சேங்ணா" என்றார் தம்பி.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவே நேரில் வந்துவிட்டார். கொட்டகையில் பஞ்சாயத்து கூடியது. காண்டஸா முகத்தில் அப்படி ஒரு தேஜஸ். வாரம் பூராவும் வண்டி ஒரே திருப்பில் எடுத்திருக்கிறது. ரொம்ப நாளாக இழுத்தடித்த ஒரு பார்ட்டியிடமிருந்து செக்கும் வந்திருக்கிறது. "குரு பார்க்கக் கோடி நன்மைன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். மோதிரம் மாறியது அவருக்குத் திங்கட்கிழமையே தெரிந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

வாத்தியாரால் பொறுக்க முடியவில்லை. சாக்பீஸை எடுத்து மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டார். "165-ல 80 பர்சன்ட் 132. மேலயும் கீழயுமா ரெண்டு தடவை, 264. ரிம் 14 இன்ச், 355.6. கூட்டு." 619.6 மில்லிமீட்டர் என்று எழுதி அடிக்கோடு போட்டார். "இப்ப புதுசு. 205-ல 65 பர்சன்ட் 133.25. ரெண்டு தடவை 266.5. ரிம் 381. மொத்தம் 647.5. எத்தன பர்சன்ட் கூடுது?" யாரும் வாய் திறக்கவில்லை. வகுப்பில் மாட்டிக்கொண்ட அதே பயம். "நாலரை! சக்கரம் பெருசு, ஒரு சுத்துக்கு அதிக தூரம் போகுது. மீட்டருக்கு அது தெரியாது, அது சுத்தைத்தான் எண்ணும். நூறு கிலோமீட்டர் போனா 96-ன்னு காட்டும். பழனி பக்கத்துல வரலீங்க அம்மா, அங்கேயேதான் இருக்கு."

அம்மாவுக்கு அந்தக் கணக்குப் பிடிக்கவில்லை.

"மைலேஜ் குறைஞ்சதுல பாதி அந்த மீட்டர் பொய்தான்" என்று வாத்தியார் விடாமல் தொடர்ந்தார். "மீதி அந்த அகல டயரோட இழுவையும் வெயிட்டும். மீட்டர்ல 80 பாத்து ஓட்டுனா ரோட்டுல கிட்டத்தட்ட 84 போயிட்டிருப்ப." அவர் அடுத்து எழுதியது 185/65 ஆர்15. அதைக் கூட்டினால் 621.5. பழைய டயருக்கும் இதற்கும் இரண்டே மில்லிமீட்டர் வித்தியாசம். மேல்ரக ஸ்விஃப்டுக்குக் கம்பெனியே அந்த அளவைத்தான் போடுகிறது. அலாயும் போடலாம், உரசவும் உரசாது. தம்பி குனிந்து அந்தத் தரையை போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஹெட்லைட்டை அண்ணன் ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தார். உருகிப் பழுப்பேறிய ஹோல்டரை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, "ராகு இதாங்க அம்மா" என்றார். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு மகன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"எல்லாஞ் சரி, செக்கு எப்படி வந்துச்சு?" காண்டஸா விடவில்லை.

"மார்ச் 31 கணக்கு முடிக்கிறானுங்க. எனக்கே ரெண்டு பேரு பாக்கி குடுத்துட்டாங்க" என்றார் அண்ணன்.

காண்டஸா மோதிரத்தைக் கழற்றுவதாக இல்லை. புதன்கிழமை வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும், பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவு புதுப்பிக்கும் சடங்கு. "அதுவரைக்கும் குரு என்கிட்டயே இருக்கட்டுங்களே, வேணும்னா வாடகை குடுத்தர்றேன்" என்று கேட்டே விட்டார். அம்மா பார்த்த பார்வையில் தானாகவே கழன்று வந்தது.

மோதிரங்கள் கை மாறின. காண்டஸா மனசே இல்லாமல் கோமேதகத்தை மாட்டிக்கொண்டு, வண்டியில் ஏறி, கண்ணை மூடிச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. இன்ஜின் எடுத்தது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். மறுபடியும் எடுத்தது. மோதிரத்தைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்துவிட்டுத் திருப்பினார். அதற்கும் எடுத்தது. அவர் முகத்தில் சந்தோஷத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது.

அண்ணன் கையைப் பனியன் வேஸ்டில் துடைத்துக்கொண்டு, போன வாரத்துக் கணக்கைத் தேதித்தாள் ஒன்றின் பின்பக்கம் எழுதி ஜன்னல் வழியாக நீட்டினார். எர்த் கேபிள் ஒன்று, உப்புத்தாள் ஒன்று, கூலி என்று வரிசையாகத் தொகை போட்டிருந்தது. கடைசி வரியில், "குரு பார்வை – இலவசம்."