வயலினுக்குள் ஓர் ஆன்மா

இத்தாலிய 'வியோலினோ'வுக்குச் சின்ன வியோலா என்று பொருள்; வியோலா என்பது வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியம். வயலின் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். பெரிய வியோலா 'வியோலோனே', அதில் சின்னது 'வியோலோன்செல்லோ', அதாவது நம் செல்லோ. ஜெர்மன்காரர்களுக்கு வயலின் 'கைகே'. நம் வித்வான்கள் வாயில் பிடில்.

இவற்றைவிட அழகான பெயர் உள்ளே நிற்கும் சிறு மரக்குச்சிக்குத்தான். இத்தாலியில் 'அனிமா', பிரெஞ்சில் 'ஆம்', இரண்டுமே ஆன்மா. சுமார் 6 மி.மீ. தடிமன், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான பிரிட்ஜில் மெல்லிய தந்திப் பக்கத்துக் காலுக்குச் சற்றுப் பின்னே நிற்கும். பசை கிடையாது, மேல், கீழ் பலகைகளின் இறுக்கம்தான் பிடிப்பு. நான்கு தந்தியையும் ஒன்றாகக் கழற்றினால் சாய்ந்துவிடலாம். ஒன்றை மாற்றி முறுக்கிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். விழுந்துவிட்டால் தந்திகளை முறுக்கவே வேண்டாம், தாங்கலில்லாத மேற்பலகை விரிசல் விடும்.