மூணு பேரா கிடந்த நான் ஒருத்தனா ஆன கதை

டர்பன்ல என்ஆர்எஃப் (நேஷனல் ரிசர்ச் ஃபவுண்டேஷன்) ரேட்டிங்குக்கு அப்ளை பண்ணின அனுபவத்தை எழுதுங்கன்னு ரெண்டு மூணு பேர் கேட்டுட்டே இருந்தாங்க, இப்பதான் நேரம் கிடைச்சுது. தெரியாதவங்களுக்கு, இது சவுத் ஆப்ரிக்காவுல 1984-ல இருந்து நடக்கிற விஷயம், ஆராய்ச்சி பண்றவங்களை ஏ, பி (B), சி, பி (P), ஒய்னு தரம் பிரிப்பாங்க (கடைசி ரெண்டும் இளசுகளுக்கு). நம்பரை வச்சு இல்லை, அதே துறையில இருக்கறவங்ககிட்ட அனுப்பி அபிப்ராயம் கேட்டு. கடைசி 8 வருஷ வேலைக்குத்தான் வெயிட். என் வேலை கரும்புச் சக்கையைக் கரியாக்கி சூப்பர்கப்பாசிட்டருக்கு (மின்சாரத்தை சேமிச்சு வேகமா கொடுக்கற சாதனம்) எலக்ட்ரோடு பண்றது. கரும்பு விளையற எங்க நேட்டால்ல சக்கைக்கா பஞ்சம்!

ஃபார்ம் ஒரு வாரத்துல முடிஞ்சிடும்னு நெனச்சேன். முதல் நாளே என் பேர் கவுத்திடுச்சு.

ஊர்ல நமக்கு இனிஷியல்தானே, சர்நேம்னு ஒண்ணு ஏது. பிஎச்டி பேப்பர்லாம் இனிஷியல் முன்னாடி போட்டு வந்துச்சு, பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேமா உக்காந்துச்சு, இங்க வந்தப்புறம் யுனிவர்சிட்டி அதையே எடுத்துக்கிச்சு, நடுவுல ஒரு ஜர்னல் தானாவே முன்னபின்ன மாத்திப் போட்டுச்சு. விளைவு, யார் பேப்பர் எத்தனை தடவை மேற்கோள் ஆச்சுன்னு கணக்கு வைக்கிற சைட்டேஷன் டேட்டாபேஸ்ல நான் மூணு ஆளு. ஒருத்தனுக்கு ஹெச்-இண்டெக்ஸ் (அந்த மேற்கோளை வச்சுப் போடற மார்க்கு) 11, இன்னொருத்தனுக்கு 6, மூணாவது பாவத்துக்கு 4.

நம்ம லைப்ரரில ஒரு அக்கா இருக்காங்க, சாட்ஸ்வர்த்காரங்க (டர்பன்ல இந்திய வம்சாவளி நிறைய இருக்கற ஏரியா), தமிழ் அவங்களுக்கு வணக்கம், சாமி, கொழம்பு அளவுலதான், மத்ததெல்லாம் டர்பன் இங்கிலீஷ். என் மூணு ப்ரொஃபைலையும் பாத்துட்டு சிரிச்சாங்க. அவங்க கொள்ளுத்தாத்தா மெட்ராஸ்ல கப்பல் ஏறினப்ப முதலின்னு சொன்னது இங்க மூட்லின்னு ஆயிடுச்சாம், அப்பா பேரு ஒரு கட்டத்துல, ஊர் பேரு இன்னொரு கட்டத்துல, எல்லாத்துக்கும் மேல ஒப்பந்தக் கூலியா வந்தவங்களுக்குக் கொடுத்த ஒரு கலோனியல் நம்பர். "உனக்கும் நம்பர்தான் வைத்தியம், தம்பி"ன்னு சொல்லி ஆர்கிட் ஐடி (ஆராய்ச்சி பண்றவங்களுக்கான அடையாள நம்பர்) போட வச்சாங்க, 16 இலக்கம், ஓசிதான். அதைப் பிடிச்சுக்கிட்டு மூணையும் ஒண்ணா சேர்க்கச் சொல்லி ரிக்வெஸ்ட் அனுப்பினோம்.

சேர்த்தாங்க, சேர்த்ததுல எலிக்கு சர்க்கரை வியாதி கொடுத்து ஆராய்ச்சி பண்ற யாரோ ஒரு டாக்டரையும் என் தலையில கட்டிட்டாங்க! ஹெச்-இண்டெக்ஸ் 22. ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விட்டுடலாமான்னு தோணினது நெசம், மறைக்க மாட்டேன். மறுபடி மெயில், மறுபடி காத்திருப்பு, கடைசில 14-ல நின்னுச்சு.

11, 6, 4 கூட்டினா 21 வரணுமேன்னு என் வீட்டம்மா கேட்டாங்க. அது கூட்டல் கணக்கு இல்லை. 2005-ல ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் சொன்ன கணக்கு, 14-ன்னா 14 பேப்பர் ஒவ்வொண்ணும் குறைஞ்சது 14 தடவை மேற்கோள் ஆகியிருக்கணும், அவ்ளோதான். என்னோட பேப்பர்ல 340 மேற்கோள் வாங்கினதும் அதுல ஒண்ணுதான், 14 வாங்கினதும் ஒண்ணுதான்.

அந்த 340-தான் அடுத்த தலைவலி. அது ஒரு ரிவ்யூ (மத்தவங்க ஆராய்ச்சியைத் தொகுத்து எழுதறது), ஒன்பது பேர் எழுதினது, நான் ஏழாவது ஆளு, ரெண்டு செக்ஷன் எழுதினேன். பெஸ்ட் அஞ்சு அவுட்புட் லிஸ்ட்ல அதைப் போட கை துடிச்சுது. எனக்கு முன்னாடி ரேட்டிங் வாங்கின சீனியர் அண்ணன் ஒருத்தர், "அதை எடுத்துடுப்பா, நீ என்ன பண்ணினேன்னு அதுல யாருக்கும் தெரியாது"ன்னார். எடுத்துட்டு, 31 தடவை மட்டும் மேற்கோள் ஆன சக்கைப் பேப்பரைப் போட்டேன். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு எவ்ளோ கலந்தா கரியில துளை எவ்ளோ பெருசாகும்னு நானே அடுப்பு பக்கத்துல உக்காந்து பண்ணினது.

2023-ல ஏன் பேப்பர் கம்மின்னும் எழுதினேன், புலம்பலா இல்லாம. லோட்ஷெடிங் தெரியுமே, முறை வச்சு கரண்ட் கட் பண்றது, ஃபர்னஸ் 800 டிகிரி ஏறி நிக்கறப்ப கரண்ட் போயிடும், நைட்ரஜன் பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும், ட்யூப் ஆறிடும், அந்த சாம்பிள் குப்பைதான். இதை நாலு வரில எழுத நாலு நாளாச்சு.

அனுப்பி பல மாசம் கழிச்சு ரிசல்ட், சி, அதாவது நிலைபெற்ற ஆராய்ச்சியாளர். பேர் எடுத்துட்டு ரிவ்யூவர்ஸ் எழுதினதையும் கொடுத்தாங்க. ஒருத்தர் சைட்டேஷன் சுமார்தான்னு நேராவே சொல்லிட்டார், இன்னொருத்தர் என் சக்கை முறையைத் தன்னோட லேப்ல செஞ்சு பாத்தேன், வந்துச்சுன்னு எழுதியிருந்தார். அதை மட்டும் ப்ரிண்ட் எடுத்து வச்சிருக்கேன்.

இந்த வருஷம் புதுசா ஒரு மாஸ்டர்ஸ் பொண்ணு சேர்ந்திருக்கு, சர்நேம் பிள்ளை, டர்பன்ல கல்லெறிஞ்சா ஒரு பிள்ளை மேலதான் விழும். லேப் கோட் கொடுக்கறதுக்கு முன்னாடியே லைப்ரரிக்கு அக்காகிட்ட அனுப்பிட்டேன்.