சிங்கவாலுக்காக ஒன்பது நாள்

ஆழியாரிலிருந்து வால்பாறை ஏற 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் வரையாடு நின்றால் வண்டிகள் வரிசையாக ஓரங்கட்டும். நானும் இறங்கி நாலு படம் எடுத்துக்கொண்டேன். ஆனால் நான் போனது சிங்கவால் குரங்குக்காக. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. குரங்குகள் ரோடு கடப்பதைப் படமாக்கித் தரச் சொல்லி ஒரு பாதுகாப்புக் குழு கேட்டிருந்தது. தங்க இடம், சாப்பாடு, பஸ் காசு. அவ்வளவுதான் கூலி.

காட்டுக்குள் இறங்குவதென்றால் அனுமதி வாங்க வேண்டும். எனக்கு அந்த வேலையே இல்லை. புதுத்தோட்டம் எஸ்டேட்டில் மிஞ்சிய காட்டுத் துண்டை ஒட்டியே பொள்ளாச்சி ரோடு போகிறது. குரங்குக் கூட்டம் அங்கேதான் இறங்கும்.

முதல் நாலு நாள் தூரத்தைக் கிட்டே இழுக்கும் 500 எம்எம் லென்ஸை முக்காலியில் மாட்டி முகம் முகமாக எடுத்தேன். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, பின்னால் வெளுத்த வானம். கேமராவின் வெளிச்ச மீட்டரை நம்பினால் வானம் நன்றாக வரும், குரங்கு கரிக்கட்டையாகிவிடும். வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டாப் கூட்டினேன். மரத்தடி இருட்டுக்கு கேமராவின் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 3200 வரை ஏற்ற வேண்டியிருந்தது. இதற்கிடையில் அட்டை. பேன்ட்டைக் காலுறைக்குள் சொருகி, அதன்மேல் மூக்குப்பொடியும் தடவியிருந்தேன். அப்படியும் சாயங்காலம் காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் ரத்தம் வழிந்துகொண்டிருக்கும். லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடுமோ என்று ராத்திரியெல்லாம் சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் பூட்டி வைத்தேன். கால் புண்ணைவிட அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது.

நாலாம் நாள் ராத்திரி குழுவில் ஒருவர் என் லேப்டாப்பில் படங்களைத் தள்ளிப் பார்த்தார். "அழகா இருக்குங்க. ரோடு எங்கங்க?"

ரோடு இருந்தது. நான்தான் வெட்டியிருந்தேன். தாய் ஒன்று குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த படம். என் கணக்கில் அதுதான் அன்றைய சிறந்த படம். அசலைத் திறந்தால் அதன் காலடியில் சிப்ஸ் பாக்கெட், அந்தப் பக்கம் ஒரு காரின் டயர். ஜன்னல் வழியாக யாரோ போட்டது. அதற்காகத்தான் அது மரத்தைவிட்டே இறங்கியிருந்தது. வெடிப்பலா, பலா என்று மேலேயே தின்று திரிய வேண்டிய விலங்கு.

மறுநாளிலிருந்து சுற்றுப்புறமும் சேர்ந்து விழும் 24 எம்எம் லென்ஸ். முக்காலியைத் தூக்கிப் போட்டுவிட்டு வாச்சர் அண்ணனோடு ரோட்டோரம் குந்தினேன். குரங்கு கடக்கும்போது வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்வது அவர் வேலை. மேலே இரண்டு பக்க மரங்களையும் இணைத்துப் பழைய தீயணைப்புக் குழாயில் கட்டிய பாலம். அதில்தான் கடக்கும் என்று பார்த்தால், பாதிக் கூட்டம் மேலே போகும், பாதி கீழே ஓடும். நாலு நாள் அப்படியே போனது: பாலத்தில் குரங்கு வந்தால் ரோடு காலி, பஸ் வந்தால் குரங்கு இல்லை.

ஒன்பதாம் நாள் காலை, தூறல். ஆண் ஒன்று குழாயின் நடுவில். அதற்குக் கீழே வளைவில் பஸ் திரும்புகிறது, அண்ணன் இரண்டு கையையும் தூக்கி அதை மறிக்கிறார். ஏழு பிரேம். இரண்டில் கண்ணாடி முழுக்கத் துளி. ஒன்று தேறியது.

திரையை அவரிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"குரங்கு இத்தினியூண்டுதான் தெரியுது. நான்தான் பெருசா இருக்கேன் தம்பி."


அந்தப் படத்தை வெட்டாமல் அனுப்பினேன்.