குழாய் என்றைக்கு நிரம்பி ஓடும்?

வீடுகளும் கடைகளும் அடுத்தடுத்து அமையவிருந்த ஒரு பகுதிக்குக் கழிவுநீர்க் குழாய்த் தடங்களைத் திட்டமிடும் பொறுப்பு எனக்கு வந்தபோது, விட்டத்தைச் சற்றுக் கூட்டி வைத்தால் பிற்காலத்துக்குப் பாதுகாப்பு என்றே நம்பியிருந்தேன்.

தரை ஏறக்குறையச் சமதளம். 300 மீட்டர் நீளமுள்ள ஒரு கிளைத்தடத்தில் 150 மி.மீ. குழாய் பதிக்க 150-க்கு 1 என்ற வாட்டம், அதாவது முனைக்கு முனை 2 மீட்டர் இறக்கம் தேவைப்பட்டது. 300 மி.மீ. குழாய்க்கு 500-க்கு 1 போதும். இறக்கம் 60 செ.மீ.யோடு முடிந்துவிடும். தோண்டும் ஆழம் குறைகிறதே என்று பெரிய குழாயையே தேர்ந்தேன். நிரம்பி ஓடினால் இரண்டிலுமே, கசடு படியாமல் அடித்துச் செல்லத் தேவையான நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் கிடைத்துவிடுகிறது.

வரைவைச் சரிபார்த்த மூத்த பொறியாளர் ஒன்றைத்தான் கேட்டார்: "இந்தக் குழாய் என்றைக்கு நிரம்பி ஓடும்?"

மறுபடியும் கணக்கிட்டேன். தொடக்க ஆண்டுகளில் அந்தத் தடத்துக்கு 1,000 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர், அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்புவது, உச்ச நேரத்துக்கு 3 மடங்கு என்று வைத்தாலும் நொடிக்கு 4 லிட்டர் தேறவில்லை. பெரிய குழாயில் அந்த நீர் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கே நிற்கும், வேகம் 0.4 மீட்டரை எட்டாது. 150 மி.மீ. குழாயிலோ அதே நீர் 0.6 மீட்டர் வேகத்தைத் தொடுவதோடு, 2,500 பேர் குடியேறிய பின்னும் இடம் மிஞ்சுகிறது. கசடு படிந்து அடைத்துக்கொள்ளும் ஒரு தடத்தை வரைவது, நச்சுவாயு தேங்கிய குழிக்குள் யாரோ ஒரு தொழிலாளி இறங்க நேரும் நாளையும் சேர்த்தே வரைவது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைப்பகுதியிலும் இதே பிழை வேறு உருவில் இருந்தது. வீடுகளின் காலை உச்சத்தையும் கடை, அலுவலகங்களின் நண்பகல் உச்சத்தையும் அப்படியே கூட்டிப் பிரதானக் குழாயைப் பெருக்கியிருந்தேன். மணிவாரியாகப் பிரித்து எழுதிய பிறகே அவை ஒரே வேளையில் வருவதில்லை என்று தெரிந்தது. உணவகங்களின் எண்ணெய்ப் பிசுக்கு குழாயில் ஆறி ஒட்டிக்கொள்ளும் என்பதால், அதைப் பிடித்து நிறுத்தும் தொட்டியை ஒவ்வோர் உணவகத்தின் வளாகத்துக்குள்ளேயே அமைக்க வேண்டும் என்று விதித்தோம்.

வாட்டம் கூடியதால் ஆழமும் கூடியது; தாழ்ந்த மூலையில் நீரேற்று நிலையம் ஒன்று தவிர்க்க முடியாததாயிற்று. கழிவுநீர் நெடுநேரம் தேங்கினால் ஹைட்ரஜன் சல்பைடு எழுந்து, ஈரச் சுவரில் அமிலமாகிக் கான்கிரீட்டை அரிக்கும். ஆகவே சராசரி வரத்தில் 30 நிமிடத்துக்கு மேல் நீர் தங்காதபடி நிலையத்தில் கழிவுநீர் வந்து சேரும் கிணற்றின் கொள்ளளவைக் குறைத்தேன்.

இரண்டாம் வரைவு ஒரே ஒரு திருத்தத்தோடு திரும்பி வந்தது. தடம் திரும்பும் ஓரிடத்தில் மேன்ஹோல் விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்து அனுப்பினேன்.