ஏற்காட்டில் ஹீமோகுளோபின் 12.3 வந்தால் நார்மல் இல்லை

வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையைச் 'சோம்பேறி' என்பதற்கு முன் ரத்தசோகையைப் பாருங்கள். இரும்புச்சத்து குறைந்தால் கவனம் நிற்காது, படித்ததும் தங்காது.

12 வயது தாண்டிய பெண் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு (100 மில்லி ரத்தத்துக்கு) 12 கிராம் எல்லை, அதற்குக் கீழே போனால் ரத்தசோகை. அது சேலம் டவுனுக்குச் சரி. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் உடம்பே ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். அதனால் குறைந்தது 0.5 கழித்துத்தான் படிக்கணும். 12.3 என்பது உண்மையில் 11.8, அதாவது ரத்தசோகை. ரத்தப் பரிசோதனை முகாம்களில் இந்தக் கழித்தல் விட்டுப்போனால் மலைப் பிள்ளைகள்தான் கணக்கில் வராமல் போவார்கள்.

விரலைப் பிதுக்கி ரத்தம் எடுக்காதீர்கள், திசுநீர் கலந்து அளவு தப்பும். முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள்.

பள்ளியில் தருவது வாரம் ஒரு நீல மாத்திரை: இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், அடுத்த வாரம் பாதிப் பேர் மாத்திரையை ஜன்னல் வழியே வீசுவார்கள். சத்துணவு முடிந்ததும் கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ கூடாது (காபித் தோட்டத்து ஊரில் இதைச் சொல்வது கஷ்டம்தான்). பதிலுக்கு ஒரு நெல்லிக்காய் கொடுங்கள்.