பெண்ணுக்கு 16, ஆணுக்கு 34

கடந்த ஆடி மாதம், திருமங்கலத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு, விடியற்காலையில் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது தாடையிலும் முதுகிலும் ஓர் இறுக்கம் உண்டாயிற்று. வாய்வுப் பிடிப்பு என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் குடித்தும் அடங்காததால், பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஈசிஜியில் பெரிய மாற்றம் தெரியவில்லை. இதயச் சேதத்தைக் காட்டும் 'ட்ரோபோனின் ஐ' என்ற புரதம் இரத்தத்தில் லிட்டருக்கு 21 நானோகிராம் இருந்தது. எதிரே அச்சிட்டிருந்த இயல்பு அளவு 26 வரை. "நார்மல்தாம்மா, பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ஹீமோகுளோபினுக்கு ஆண்கள் 13, பெண்கள் 12 என்று இரண்டு வரிகள் அச்சிட்டிருக்கிறார்கள். அதே தாளில் ட்ரோபோனினுக்கு மட்டும் இருபாலருக்கும் ஒரே வரி.

ட்ரோபோனின் என்பது இதயத் தசை சுருங்கி விரிவதற்கு உதவும் புரதம். தசை சேதமடைந்தால் அது இரத்தத்தில் கசியும். நோயற்றவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரின் அளவு எந்த எண்ணுக்குள் அடங்குகிறதோ, அதையே மேல் எல்லையாகக் கொள்கிறார்கள். பெண்களின் இதயம் பொதுவாக எடை குறைந்தது என்பதும் ஒரு காரணமாக, அவர்களுக்கு இந்த எல்லை தாழ்ந்தே இருக்கிறது. அபாட் நிறுவனத்தின் ஆர்க்கிடெக்ட் கருவியில் செய்யும் உயர் உணர்திறன் சோதனையில் (மிகச் சிறிய அளவையும் காட்டும் சோதனை) இருபாலரையும் சேர்த்துப் பார்த்தால் 26, பெண்களுக்குத் தனியே 16, ஆண்களுக்கு 34. வேறு கருவிகளில் எண்கள் வேறு. ஒன்றின் அளவை மற்றொன்றின் எல்லையோடு ஒப்பிடக் கூடாது. மாரடைப்புக்கான உலகளாவிய வரையறையின் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பு, உயர் உணர்திறன் சோதனைகளில் பாலினத்துக்கு ஏற்ற எல்லைகளையே பரிந்துரைக்கிறது.

எல்லையைத் திருத்தினால் மட்டும் போதாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் 10 மருத்துவமனைகளில் 48,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், தனி எல்லையால் இதயச் சேதம் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆயினும் அவர்களுக்குக் கிடைத்த சிகிச்சை ஆண்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவாகவே இருந்தது. சிறுநீரகக் கோளாறு, கடும் தொற்று போன்றவற்றாலும் ட்ரோபோனின் ஏறும் என்பதால், ஓர் எண்ணை வைத்தே மாரடைப்பு என்று முடிவுகட்டவும் முடியாது. சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்து, ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் முறை. எனக்குப் பெரும் வருத்தம் அதில்தான்: பெரியம்மாவுக்கு இரண்டாவது முறை இரத்தம் எடுக்கவே இல்லை.

மதியம் வலி கூடவே, மதுரைக்குக் கொண்டுவந்தோம். அங்கே பணியில் இருந்த இளம் மருத்துவர் காலைத் தாளை வாங்கிப் பார்த்து, 26-ஐப் பேனாவால் அடித்துவிட்டு அருகில் 16 என்று எழுதினார். உடனே மறுபடியும் இரத்தம் எடுக்கச் சொன்னார். இம்முறை 58. மறுநாள் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள்.

முதலில் பார்த்த மருத்துவமனைக்கு, அந்தத் தாளின் நகலையும் இணைத்து, ட்ரோபோனினுக்கும் இரண்டு வரிகள் அச்சிடுமாறு கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன்.